இழு, என்னை, மேலே

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
லியோங் கேக் கடையில் தட்டு கழுவுகிறேன்.
வியாழக்கிழமை ஓரம் உடைந்த துண்டுகள்
எனக்கும் மாவு பிசையும் சுரியானிக்கும்.
அன்று என் பங்குக்கு வந்தது
கோப்பித் தூள் உதிரும் ஒரு சதுரம்.
பெயர்ச்சீட்டை எழுத்துக்கூட்டினேன்,
தி ரா மி சு.
தீராத மிச்சம் என்று காதில் விழுந்தது.
மிச்சம்தானே, பொருத்தம்தான்.

மெல்பர்னில் படித்துவிட்டு வந்த முதலாளி மகள் மேய் லிங்
விரல் மடக்கிப் பிரித்துக் காட்டினாள்.
திரா, இழு.
மி, என்னை.
சு, மேலே.
இத்தாலிக்காரர் பேச்சாம்.

யார் வைத்த பேர் என்றேன்.
அதற்குத்தான் அங்கே இன்னும் சண்டை என்றாள்,
எங்கள் ஊர் அடுப்பில்தான் பிறந்தது என்று
ஊருக்கு ஊர் மார்தட்டுகிறதாம்.
நோயில் இளைத்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்
மஞ்சள் கருவைச் சீனி போட்டு அடித்துக் கொடுப்பார்களாம்,
அதன் வழி வந்தது என்றும் ஒரு பேச்சு.
கறுப்புப் பீரில் முட்டை உடைத்துக் குடித்த
எங்கள் லயத்து ஆண்களை நினைத்துக்கொண்டேன்.
இன்னொரு கதைக்குக் குரலைத் தாழ்த்தினாள்,
ராத்திரி வீடுகள், வரும் ஆண்களுக்குத் தெம்பு என்று ஏதோ.
சுரியானி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தினாள்.
அங்கே சாராயமும் விடுவார்களாம்.
இங்கே சுவரில் ஹலால் சான்றிதழ் தொங்குகிறது,
ஆகவே வெறும் கோப்பி.

ஐந்தரை பஸ்ஸில், மடியில் டப்பா.
இருபுறமும் செம்பனை, செம்பனை, செம்பனை.

சொக்சோ தாளில் அவர் பெயர்
சன்னாசி த/பெ காத்தான்.
இருபத்திரண்டு வருசம் குலை ஏற்றியவர்.
கம்பியால் குத்தி, தொடையில் கொடுத்து, லோரிக்கு மேலே.
ஒரு குலை ஒரு பள்ளிப் பிள்ளை கனம்.
தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
குலை மேலே போனது, இவர் கீழே.
முதுகுத் தட்டு நழுவியதற்கு
இத்தனை விழுக்காடு என்று எழுதித் தந்தார்கள்.

அன்றிலிருந்து விடியல் எல்லாம்
கட்டில் விளிம்போடு மல்லுக்கட்டு.
தூக்கிவிடு என்ற சொல்
தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவார்.
ஊரார் அவரிடம் சொன்ன சொல் அது.
பாடை தூக்க, ஐஸ்பெட்டி தூக்க,
சேற்றில் புதைந்த மோட்டாரைத் தூக்க
அவரைத்தான் கூப்பிடுவார்கள்.
நான் நீட்டும் கையை
வட்டிக்காரன் கை மாதிரிப் பார்ப்பார்.

ஒரு கரண்டி வாயில் போட்டார்.
"ரொட்டிய கோப்பில முக்கி வச்சிருக்கான்,
இதத்தான நாப்பது வருசமாத் தின்னுட்டு
மலைக்குப் போனேன்."
பிறகு, "என்ன பேரு?"
சொன்னேன். மூன்று சொல்லையும் பிரித்தே சொன்னேன்.
கரண்டி பாதியில் நின்றது.
"துண்டு எவ்வளவு?"
"பதினொரு வெள்ளி."
"அப்ப பதினொரு வெள்ளி குடுத்து
கடைக்காரன்கிட்ட நேராவே கேக்குறானுங்க,
என்ன மேல இழுன்னு?"
"கேக்குறாங்க."
"காரு வச்சிருக்கவனுமா?"
"அவங்கதான் நெறய."

அப்புறம் ஒன்றும் பேசவில்லை.
டிவியில் மலாய்ச் செய்தி ஓடியது,
யாரும் பார்க்கவில்லை.

நாலே முக்காலுக்கு இருட்டில் கட்டில் முனகியது.
அடுப்படியில் நான் காது கொடுக்காதது போல
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
"ஏய்."
தண்ணீரை நிறுத்தினேன்.
"ஏய். திராமிசு."

சிரிக்கவில்லை நான்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்து
அவர் அக்குளுக்கடியில் கொடுத்தேன்.
கனம்தான்.
ரெண்டு தடவை சரிந்து
மூணாவதில் நின்றார், சுவரைப் பிடித்து,
வேர்த்து.

மூச்சு வந்த பிறகு கேட்டார்,
"மிச்சம் இருக்கா?"

இருந்தது, ஒரு விரல் அகலம்.